சக்கரத்தம்மாவின் 860 மீட்டர்

860.

இந்த எண்ணை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணூற்று அறுபது மீட்டர். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு டிஸ்பென்சரி, அந்தப் பக்கம் ஒரு டிஸ்பென்சரி. இரண்டுக்கும் நடுவே இவ்வளவுதான் தூரம் என்று நகராட்சி வரைபடம் சொன்னது. எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் பூட்டுப் போட வந்தது இந்த எண்தான். அதை எழுதியவர் யார் என்பதை அவர் வாயாலேயே கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் முப்பது வருடம் கூட்ஸ் ஷெட்டில் தொழிற்சங்க வேலை பார்த்தவன். எத்தனையோ பேரை மேடையில் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன். அதில் பாதிப் பேருக்கு அந்தத் தகுதி கிடையாது. இந்த அம்மாவைப் பற்றி எந்த மேடையிலும் ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. ஆகவே இது.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் சக்கரத்தம்மா. நகராட்சி சாலைப் பிரிவில் அளவுக்காரர். ஒரு கம்பு, கம்பின் நுனியில் ஒரு சக்கரம், சக்கரத்தோடு ஒட்டிய ஒரு சின்ன எண்பெட்டி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மீட்டர். பெட்டியில் 'டக்' என்று ஓர் எண் ஏறும். இதைத் தள்ளிக்கொண்டு ஊரின் எல்லாத் தெருவையும் நடப்பதுதான் அவர் உத்தியோகம். புதுத் தெரு போட்டால் அளப்பார். குழாய் பதிக்கத் தோண்டினால் அளப்பார். தெருவை அகலப்படுத்தினால் மறுபடியும் அளப்பார். இருபத்திரண்டு வருடம்.

மழை பெய்தால் எண்பெட்டி வழுக்கும், ஒரு சுற்றைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பெட்டியும் எண்ணும், அவரும் வாய்க்குள் எண்ணுவார். சக்கரம் உருளும்போது எதிரில் யார் வந்தாலும் பேசமாட்டார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அடுத்த விளக்குக் கம்பம் வந்ததும் நின்று, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பி, "ம், இப்ப சொல்லுங்க" என்பார். அவர் சொந்த அண்ணன் வெளியூரிலிருந்து பத்து வருடம் கழித்து வந்து நடுத்தெருவில் எதிரே நின்றபோதும் அந்த விரல்தான். அண்ணன் கோபித்துக்கொண்டு கம்பம் வரைக்கும் கூடவே நடந்தாராம்.

வீடு இரண்டு அறை. கதவுக்குப் பின்னால் ஆணியில் சக்கரம் தொங்கும். அதற்குப் பக்கத்து ஆணியில் கணவரின் அளவு நாடா. கணவர் தையல்காரர். முன் அறையில் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், வெட்டுத் துணி மூட்டை.

"நான் ஆளை அளக்குறேன், இவ ஊரை அளக்குறா. வீட்டுல அரிசி அளக்கத்தான் ஆளே இல்ல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இருபது வருடமாக ஒரே ஜோக்.

உள் அறையில் கட்டிலில் இருப்பவர் தையல்காரரின் அக்கா. சக்கரத்தம்மாவுக்கு நாத்தனார். "அண்ணி" என்றுதான் கூப்பிடுவார். நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியதும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சர்க்கரை வியாதி. வலது குதிகாலில் புண். ஆறாத புண். ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றியாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கட்டு தவறினால் கால் போகும். டிஸ்பென்சரி அவர்கள் தெருமுனையில்தான். அண்ணி கம்பை ஊன்றி நூற்றுப் பத்து அடி வைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த அடிகளைக்கூட இந்த அம்மா எண்ணி வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் எப்படி உண்டானது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரயில்வே முதலில் யார்டு போட்டது. சரக்கு ஏற்ற இறக்க ஆள் வேண்டியிருந்தது. வேறு ஊர்களில் மழை இல்லை, மில் இல்லை. ஆட்கள் வந்தார்கள். ரயில் பெட்டிகள் மோதும் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் வராது என்பதால் வாடகை குறைவு. அதனால் இன்னும் ஆட்கள் வந்தார்கள். பாடப் புத்தகத்தில் இதற்குத் தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிழவர்களைக் கேட்டால், "அங்க வேலை இல்ல, இங்க இருந்துச்சு, வந்துட்டோம்" என்று முடித்துவிடுவார்கள்.

வந்தவர்கள் அதிகமானதும் டிஸ்பென்சரிக்காக நாங்கள் நாலு வருடம் கத்தினோம். கிடைத்தது. ஒரு அறை, ஒரு நர்ஸ், வாரம் இரண்டு நாள் டாக்டர். பதினைந்து வருடம் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அதன் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

நோட்டீசில் இரண்டு காரணம். ஒன்று, இந்தப் பகுதியில் மக்கள் அடர்த்தி குறைவு. இரண்டு, ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு டிஸ்பென்சரி இருந்தால் இரண்டாவது தேவையில்லை என்பது விதி. மறுபக்கத்து டிஸ்பென்சரி குறுக்குப் பாதை வழியாக 860 மீட்டரில் இருக்கிறது. ஆகவே மாத முடிவில் மூடப்படும். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் விசாரணைக்கு வரலாம்.

நர்ஸ் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அண்ணே, எந்தக் குறுக்குப் பாதை?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது யார்டும் பத்தடி உயரச் சுவரும். அந்தச் சுவரில் பூனை ஏறுவதற்கே யோசிக்கும்.

எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். அன்றே நோட்டீசுக்குப் பதில் நோட்டீஸ் எழுதினேன். 'பத்தாயிரம் உழைக்கும் மக்களின் உயிரோடு விளையாடாதே!' அச்சடிக்கக் கொடுக்கும் முன் சங்க அறையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது சக்கரத்தம்மா வாசலில் வந்து நின்றார். வேலை முடிந்து வருகிறவர், சக்கரம் தோளில்.

"அண்ணே, பத்தாயிரம்னு எங்க எண்ணினீங்க?"

"எண்ணுறது என்ன தங்கச்சி, கண்ணாலயே தெரியுதே."

"கண்ணால பார்த்து எழுதலாம்னா எனக்கு எதுக்கு இந்தச் சக்கரம்?"

"போராட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டித்தான் போடணும்மா. அவங்க கொறைப்பாங்க, நாம ஏத்துவோம், நடுவுல வந்து நிக்கும்."

"அவங்க ஒரு எண்ணைப் பிடிச்சுத் தப்புன்னு காட்டிட்டா? அப்புறம் நாம சொல்ற எதையும் காதுல வாங்க மாட்டாங்க. பேப்பரை அச்சுக்குக் குடுக்காதீங்க. அஞ்சு நாள் குடுங்க."

நாலு பேரும் இப்போது அவர் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்கள். சங்கத்து ஆட்களின் தலை அப்படித்தான், கீல் நன்றாக வேலை செய்யும்.

ஐந்து நாளும் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனார். தையல்காரர் மிஷினை மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே போனார். எங்கள் பக்கத்தை எண்ணுவது லேசு இல்லை. ஷிப்ட் ஆட்கள் தங்கும் அறைகள் இருக்கின்றன. ஒரே கட்டிலில் மூன்று பேர் மூன்று நேரத்தில் படுப்பார்கள். எந்த நேரம் போனாலும் ஒருவர்தான் இருப்பார். நகராட்சிக் கணக்கெடுப்பு வந்தபோது கதவைத் தட்டி, "எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார்கள். தூக்கத்தில் எழுந்தவன், "நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அவன் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கோணல்.

சக்கரத்தம்மா வேறு மாதிரி கேட்டார். "இந்தக் கட்டில்ல யார் யார் தூங்குறாங்க? துணி எத்தனை பேரோடது தொங்குது?" கொடியில் தொங்கும் சட்டைகளின் தோள் அளவைப் பார்த்தே, "இது ரெண்டு ஆளோட சட்டை இல்ல, மூணு" என்று தையல்காரர் சொல்லிவிடுவாராம். ஓர் அறையில் நான்காவது ஆள் அப்படித்தான் அகப்பட்டார். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் ஆறு மாதமாக அங்கே இருந்தவர். "நான் தையக்காரன்பா, போலீஸ் இல்ல" என்று சொல்லி அவரையும் எண்ணினார்கள்.

ஐந்தாம் நாள், அவர் வீட்டு முன் அறையில், கணக்கு வந்தது. 4,316.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. "பாதிகூட இல்லையேம்மா."

"இருக்கிறது இவ்வளவுதான் அண்ணே. நகராட்சிக் கணக்குல இதுகூட இல்ல, மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆனா கேளுங்க, அடர்த்தின்னு சொல்றாங்களே, அது என்ன தெரியுமா? ஆளோட எண்ணிக்கையை எடத்தோட பரப்பால வகுக்கிறது. எந்தப் பரப்பு? நம்ம வட்டாரம் மொத்தம் ஒன்னேகால் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஒன்னு புள்ளி ரெண்டு. அதுல யார்டு மட்டும் புள்ளி ஒம்போது. அதையும் சேர்த்து வகுத்திருக்காங்க. அங்க இருக்கிறது ரயில் பெட்டி. ரயில் பெட்டிக்குக் காய்ச்சல் வருமா?"

மீதி இருக்கும் புள்ளி மூன்று சதுர கிலோமீட்டரில்தான் நாங்கள் எல்லோரும். அப்படி வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பதினாலாயிரம் பேருக்கு மேல். ஊரிலேயே நெருக்கமான இடம். நான் முப்பது வருடம் கத்திய எந்த எண்ணும் இவ்வளவு பெரியதில்லை. இது உண்மையாகவும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, முதல் காரணம் காலி. ரெண்டாவதை எடு. அந்த எண்ணூத்தி அறுபது எந்தப் புத்திசாலி எழுதினது?" என்று கேட்டேன்.

அவர் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான்தான் அண்ணே."

நடந்தது இதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் வரைபடப் பிரிவிலிருந்து ஓர் உத்தரவு. சாலை மட்டும் போதாது, மக்கள் உண்மையில் நடக்கிற எல்லா வழியையும் அளந்து எழுதுங்கள். நல்ல உத்தரவு. அப்போது யார்டுச் சுவர் இடுப்பளவுதான். அதில் ஓர் ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது. ஊரே அதில்தான் போய்வந்தது. இந்த அம்மாவும், பின்னால் டிஸ்பென்சரி வந்த தெருமுனையில் தொடங்கி, குனிந்து நுழைந்து, நாலு தண்டவாளத்தையும் சக்கரத்தைத் தூக்காமல் உருட்டிக் கடந்து, அந்தப் பக்கத்து டிஸ்பென்சரி வரை போய்ச் சேர்ந்து எழுதினார்: '860 மீ. வழி உண்டு.' ஓட்டை என்று எழுதவில்லை. அளவுப் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. 'சாலை', 'வழி' என்று இரண்டு கட்டம்தான்.

இரண்டு வருடம் கழித்து ரயில்வே ஓட்டையை அடைத்தது. சுவரைப் பத்தடி உயரத்துக்கு ஏற்றியது. வரைபடத்தில் வழி அப்படியே இருந்தது. புதுப் பதிப்பு போடும்போது யாரோ ஒருவர் புள்ளிக் கோட்டை முழுக் கோடாக்கி, பக்கத்தில் 'குறுக்குப் பாதை' என்று எழுதிவிட்டார். வேலை நடந்த தெருவை மட்டும்தான் மறுபடி அளப்பது வழக்கம். அடைத்த ஓட்டையில் என்ன வேலை நடக்கும்?

"அடைச்சது எனக்குத் தெரியும். தெனமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். எடுத்துடுங்கன்னு சொல்லப் போனேன். 'வழியைச் சேர்க்க ஃபாரம் இருக்கு, நீக்க ஃபாரம் இல்ல'ன்னாங்க. சரி, யாரும் பாக்காத கோடுதானேன்னு விட்டுட்டேன். பதினேழு வருஷம் விட்டுட்டேன்."

உள் அறையிலிருந்து வந்த நாத்தனார் இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்தார். கூட்டத்துக்குக் கூப்பிடாமலே வருவது அவர் பழக்கம்.

"ஆக, என் காலுக்கு வேட்டு வெச்சது நீதானா?" என்றார்.

"ஆமா அண்ணி."

"எதிரி வெளியில இருக்கான்னு கம்பை எடுத்துக்கிட்டு வந்தேன். வீட்டுக்குள்ளயே இருக்கா. நல்லது, தூக்கிக்கிட்டு நடக்க வேண்டியதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்தார்.

நான் என் புத்தியைக் காட்டினேன். "தங்கச்சி, இதை வெளியில சொல்லாதே. விசாரணையில ஆபீஸ் பொய்க் கணக்கு எழுதிருச்சுன்னு நான் அடிச்சுப் பேசுறேன். பத்தொம்போது வருஷத்துக்கு முன்னாடி எழுதின புத்தகத்தை எவன் தேடப் போறான்?"

"எழுதினது ஆபீஸ் இல்ல, நான். நீங்க பொய்னு சொன்னா அவங்க புத்தகத்தை எடுத்துக் காட்டுவாங்க. என் கையெழுத்து இருக்கும். அப்ப சுவர் இருக்குன்னு சொல்றதும் போச்சு, நாலாயிரத்து முந்நூத்திப் பதினாறும் போச்சு."

"உன் வேலை போயிரும்."

"அண்ணியோட கால் போறதுக்கு அது பரவாயில்ல" என்றார். பிறகு, "ஆனா போகக் கூடாது. எனக்கு வேற வேலை தெரியாது" என்றார். தைரியசாலிகள் பயப்படமாட்டார்கள் என்று நான் எத்தனையோ துண்டுப் பிரசுரத்தில் எழுதியிருக்கிறேன். அன்று அவர் சுவரில் சாய்த்திருந்த சக்கரத்தை எட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, ஒரு காரியம் செய்தார். அண்ணியைக் கூட்டிக்கொண்டு மறுபக்க டிஸ்பென்சரிக்கு நடந்தார். இருக்கிற ஒரே வழி, வடக்கே ரயில்வே கேட் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வருவது. முன்னால் அம்மா, சக்கரத்தோடு. பின்னால் அண்ணி, கம்போடு. தையல்காரர் நடுவில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு. வலி தாங்காத இடத்தில் ஸ்டூலைப் போட வேண்டும், அண்ணி உட்கார வேண்டும், அம்மா கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். திரும்பி வரும்போது லோடிங் ஆட்கள் இருவர் அண்ணியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். "சிமெண்ட் மூட்டைக்குக்கூட இதைவிட மரியாதை குடுப்பீங்கடா" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாராம்.

விசாரணை நகராட்சியின் மேல் மாடி அறையில். நீள மேசை, பதினைந்து நாற்காலி, எழுபது பேர். திட்ட அதிகாரி நல்ல மனிதர்தான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறவர். பக்கத்தில் வரைபடப் பிரிவுத் தலைவர். சுவரில் பெரிய வரைபடம். அதில் எங்கள் குறுக்குப் பாதை அழகாக, நேராக, யார்டை வெட்டிக்கொண்டு போனது.

ஆட்கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். யார்டைக் கழித்துவிட்டு வகுத்த அடர்த்தியைப் பார்த்தார்கள். அதிகாரி கண்ணாடியை ஒருமுறை துடைத்தார்.

"சரிம்மா, இதை ஏத்துக்கலாம். ஆனா தூரம் ஒரு கிலோமீட்டருக்குள்ளதானே இருக்கு?"

"யார் நடக்கிறாங்கன்னு சொல்லுங்க சார், எவ்வளவு தூரம்னு சொல்றேன்."

"தூரம்னா தூரம்தானேம்மா. மீட்டர்ல சொல்லுங்க."

"மீட்டர்ல மூவாயிரத்து நூத்தி நாப்பது. கேட்டைச் சுத்தி. நான் நடந்தா முப்பத்தெட்டு நிமிஷம். எங்க அண்ணி நடந்தா ஒரு மணி அம்பது நிமிஷம். ஏழு எடத்துல உக்காந்து."

"எட்டு!" என்று பின் வரிசையிலிருந்து குரல். அண்ணிதான். "கேட்டுக்கிட்ட உக்காந்ததை விட்டுட்டா."

சக்கரத்தம்மா திரும்பினார். "அது உக்கார்றது இல்ல அண்ணி. கேட் மூடியிருந்துச்சு, எல்லாரும் நின்னோம்."

"எல்லாரும் நின்னீங்க. நான் உக்காந்தேன்ல?"

சக்கரத்தம்மா நோட்டைப் பார்த்தார். "சரி, எட்டு. திருத்திக்குங்க சார்."

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு எட்டு என்று எழுதினார். வரைபடத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பழைய புத்தகத்தை மேசையில் விரித்தார். தேடி எடுத்துத்தான் வைத்திருந்தார். நான் நாற்காலியில் நெளிந்தேன். என் யோசனைப்படி போயிருந்தால் அந்த நிமிடத்தோடு நாங்கள் தொலைந்திருப்போம்.

"வரைபடத்துல பாதை இருக்கு. இந்தப் பதிவுல இருந்துதான் எடுத்தோம். '860 மீ. வழி உண்டு.' இது யார் கையெழுத்து?"

"என்னுது சார். அன்னிக்கு அது சுவத்துல ஒரு ஓட்டை. ஓட்டைன்னு நான் எழுதல. அடைச்சப்புறம் நீக்கச் சொல்லி எழுதிக் குடுக்கவும் இல்ல. ரெண்டும் என் தப்பு. அந்தப் பதிவை நீக்கணும்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன்." ஒரு தாளை மேசையில் வைத்தார். "நீக்க ஃபாரம் இல்லன்னு சொன்னாங்க. அதனால வெள்ளைத் தாள்ல எழுதியிருக்கேன்."

தலைவர் அந்தத் தாளைத் தொடவில்லை.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஊர் வரைபடத்துல பாதிக்கு மேல உங்க அளவு. ஒரு பதிவு தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, மத்தது எல்லாத்தையும் நாங்க எப்படி நம்புறது?"

சக்கரத்தம்மா சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அதில் ஒவ்வொரு தெருவையும் அவர் காலால் நடந்திருக்கிறார். ஒவ்வொரு மீட்டரையும் வாய்க்குள் எண்ணியிருக்கிறார்.

"நம்பாதீங்க சார். அளந்து பாருங்க."

மூன்றாம் நாள் ஓர் இளநிலைப் பொறியாளர் வந்தார். வரைபடத்தைக் கையில் பிடித்தபடி குறுக்குப் பாதையில் நடந்தார். சுவர் வந்தது. வரைபடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உள்ளங்கையை அதில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ், "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சார், பதினேழு வருஷமா வெளஞ்ச சுவரு" என்றார். அடுத்த வாரம் மூடும் உத்தரவு ரத்தானது. டிஸ்பென்சரிக்கு இன்னொரு நர்சும் வந்தார்; அது அந்த அடர்த்திக் கணக்கின் வேலை. அண்ணி நூற்றுப் பத்து அடி நடந்து கட்டு மாற்றிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அந்தக் காலில்தான் நடக்கிறார்.

ஆனால் சக்கரத்தம்மாவிடமிருந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மறு அளவு முடியும் வரை அவர் ஆவண அறையில் காகிதக் கட்டுகளைத் தூசி தட்ட வேண்டும். அவருடைய ஒவ்வொரு பதிவையும் இரண்டு ஆட்கள் புதுச் சக்கரத்தோடு போய் மறுபடி அளக்க வேண்டும். மொத்தம் 1,912 பதிவு. கணிசமாகத் தப்பு இருந்தால் வேலையிலிருந்து நிறுத்தம் என்று கடிதத்திலேயே இருந்தது. எந்தத் தெருவில் அந்த இரண்டு பேர் நடந்தாலும் சனம் வாசலில் வந்து நின்று பார்த்தது. அவர்கள் பேசிக்கொண்டே சக்கரம் தள்ளினார்கள். "எங்க அம்மா பேசமாட்டாங்க, விரலைத்தான் தூக்குவாங்க" என்று ஒருவர் விடாமல் அவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். இரண்டாம் மாதத்தில் அவர்களும் விரலைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி காலி. தையல்காரர் அதில் தன் கத்தரிக்கோலை மாட்டிப் பார்த்தார். அவர் மனைவி அதை எடுத்து மிஷின் மேல் வைத்துவிட்டார். "அது இருந்த எடம் அப்படியே இருக்கட்டும்" என்றாராம். மறு அளவு நடந்த நாலு மாதமும் தையல்காரர் தன் ஜோக்கைச் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு செய்தி வந்தது. சந்தைத் தெருவில் நாலு மீட்டர் வித்தியாசம். நானே பதறிப் போய் ஆவண அறைக்கு ஓடினேன். தூசிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"முக்குல இப்ப வாய்க்கால் கட்டியிருக்காங்கல்ல அண்ணே, அது நாலு மீட்டர். நான் அளந்தப்போ வாய்க்கால் இல்ல. கட்டின தேதியைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதக் கட்டை எடுத்துத் தட்டினார். பார்த்தார்கள். வாய்க்கால் நாலு மீட்டர்தான்.

அந்த ஆவண அறையில் உட்கார்ந்துகொண்டும் ஒரு வேலை செய்தார். இல்லாமல் போன வழியைப் பதிவிலிருந்து எடுப்பதற்கு ஒரு படிவம் எழுதி, கட்டம் போட்டு, மேலே அனுப்பினார். 'சாலை', 'வழி' என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு கட்டம்: 'எதைக் கடந்து?' அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தை முதலில் நிரப்பியவரும் அவர்தான். புது வரைபடத்தில் எங்கள் யார்டு ஒரு கோடும் இல்லாமல் கிடக்கிறது.

நாலு மாதம் முடிந்தது. சக்கரம் ஆணிக்குத் திரும்பியது. கூடவே ஒரு தாள் வந்தது. தையல்காரர் அதைச் சங்க அறைக்கு எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். இரண்டே வரி. சரிபார்த்த பதிவுகள், 1,912. அதற்குக் கீழே, அவரே சொன்ன அந்த 860-ஐயும் சேர்த்து, அளவுக்காரரின் பிழைகள் மொத்தம்:

1.